வடக்கு அறையும் வாங்காத கடிதமும்

எங்கள் வீட்டு வடக்கு அறையின் நான்கு சுவர்களில் ஒன்று மற்ற மூன்றையும்விட இளையது. புதிதாக வருபவர்களுக்கு அது தெரியாது. வெள்ளை அடித்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாரியில் மட்டும் வித்தியாசம் தெரியும். மூன்று சுவர்களில் அடியிலிருந்து ஈரம் ஏறிக் கறுக்கும். வடக்குச் சுவர் கறுக்காது. அது சீமெந்துக் கல்லில் கட்டியது. மற்றவை அப்பா கட்டியவை. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், அடியில் பெயருக்கு ஓர் அத்திவாரமும்.

எங்கள் வளவு யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா வீடு கட்டியபோது அது ஒரே வளவு. எங்கே கட்டினாலும் தன் காணிதான் என்பதால் வடக்குப் பக்கத்தில் எவ்வளவு விட வேண்டும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். அப்பாவின் காலத்துக்குப் பின் எனக்குக் கலியாணம் முடிந்தபோது வீடும் தெற்குப் பாதியும் சீதனமாக எழுதப்பட்டன. அம்மாவுக்குச் சீவிய உருத்து வைத்திருந்தார்கள். அதாவது, அம்மா இருக்கும்வரை வீடு அம்மாவின் ஆட்சி. சில வருடங்களின் பின் தங்கைக்கு வடக்குப் பாதியை எழுதினார்கள். உறுதி எழுதிய நொத்தாரிசு வரைந்த எல்லைக் கோடு, வடக்கு அறையின் கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தோடு போயிற்று. கோட்டில், பின்னிய தென்னோலையால் கிடுகு வேலி வந்தது. வேலியில் குசினிக்கு நேரே ஒரு பொட்டு விட்டோம். ஒருவர் குனிந்து போய்வரக் கூடிய இடைவெளி. கறிச்சட்டி, செய்தி, கோபம், எல்லாம் அதால்தான் போய்வந்தன.

வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. ஊரில் எங்கு பார்த்தாலும் கல்லும் மணலும் குவிந்திருந்தன. தங்கையும் கணவரும் தங்கள் காணியின் பின்பக்கத்தில் கொட்டில் போட்டு இருந்துகொண்டு வீட்டு வேலையைத் தொடங்கினார்கள். அவர் நல்லூர்க்காரர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். என் கணவருக்குக் கொழும்பில் உத்தியோகம். லீவுக்கு மட்டும் வருவார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, பிள்ளைகளோடும் அம்மாவோடும் இருந்தேன்.

சாத்திரியார் வந்து புதிய வீட்டுக்கு நிலையம் எடுத்தார். நிலையம் எடுப்பதென்றால், காணியில் வீடு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கணித்து முளை அடிப்பது. முளைகள் தெற்கு எல்லையோரமாக விழுந்தன. கொஞ்சம் வடக்கே தள்ள முடியாதா என்று தங்கை கேட்டாள். தள்ளினால் கிணற்றுக்குப் பிழைக்கும் என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நிலையத்தை மாற்றிக் கட்டிய வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அம்மாவும் தங்கையும் அந்தப் பொட்டால் போய்வந்துகொண்டிருக்க வேண்டும். சுவர் அதற்குப் பிறகுதான்.

கார்த்திகை தொடக்கத்தில் ஒரு பின்னேரம் தங்கையின் கணவர் பொட்டால் வந்தார். உயரமானவர். எவ்வளவு குனிந்தாலும் கிடுகு தலையில் தட்டும்.

"மாமி, அத்திவாரம் வெட்டப் போறம். உங்கடை அறைக்குக் கிட்டவா வருது."

"ஓம் தம்பி, வெட்டுங்கோ. உங்கடை காணி, உங்கடை வீடு. என்னட்டை என்ன கேள்வி?"

"அறைக்குள்ளை முட்டுக் குடுக்க வேண்டி வரும். கொஞ்ச நாளைக்கு நீங்கள் விறாந்தையிலை..."

"விறாந்தை என்ன, குசினிக்குள்ளையும் படுப்பன். வீடு எழும்பட்டும். முதல்லை தலையிலை கிடக்கிற கிடுகுத் தும்பைத் தட்டிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவர் தேத்தண்ணி குடித்தார். காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அடுத்த கிழமை, கட்டட வேலைகளை மேற்பார்க்கும் கிராமசபை ஓவசியர் முளைகளைப் பார்க்க வந்தார். வேலியோரம் நின்று எங்கள் சுவரின் அடியை மண்வெட்டியால் சுரண்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், உங்கடை சுவர் மேலாலைதான் நிக்குது. அவையின்ரை அத்திவாரம் இதைவிட ஆழம். சிவத்த மண். பக்கத்திலை வெட்டினால் இந்த மண் அங்காலை வரப் பாக்கும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"செய்ய வேண்டியது அவை. முதலே எழுத்திலை அறிவிக்க வேணும், படத்தோடை. வெட்டேக்கை உங்கடை சுவரைத் தாங்க வேணும். துண்டு துண்டா வெட்டி, ஒண்டை நிரப்பிப்போட்டுத்தான் அடுத்ததிலை கை வைக்கலாம். இவ்வளவும் செய்தும் உங்கடை சுவர் வெடிச்சால், அவைதான் கட்டித் தர வேணும்."

"எங்கடை கடமை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. தாங்க வாற ஆக்களை உள்ளுக்கை விடுறது."

"அவர் வாயாலை சொல்லிப்போட்டார். அம்மாவும் ஓம் எண்டிட்டா."

"வாய்க் கதை காணாது ரீச்சர். நாளைக்கு ஆரும் மாத்திக் கதைச்சால்?"

"என்ரை அம்மாவோ?"

"ஐயோ, நான் பொதுவாச் சொல்லுறன்," என்று அவர் சைக்கிளை எடுத்தார்.

போகிற வழியில் தங்கையின் கணவரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். எழுத்துவேலை எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர் தங்கையின் கணவர். நேரே பட்டணத்துக்குப் போய் ஒரு பிறக்கிராசியைக் கண்டார். வழக்குப் பேசுபவர்களின் பட்டம் பிறகு மாறிவிட்டாலும் ஊரில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீடு அம்மாவின் ஆட்சியில் இருந்தபடியால் அறிவித்தல் அம்மா பெயருக்கு, பதிவுத் தபாலில் வந்தது.

எங்கள் ஊரில் அந்த நாட்களில் பக்கத்து வளவிலிருந்து பதிவுத் தபால் வந்தால் அதற்கு ஒரு பொருள்தான். எல்லை வழக்கு. உரித்துக்காரரான சொந்தங்களுக்குள் பிறக்கிராசியின் கடிதம் போய்விட்டால், பிறகு அந்த இரண்டு வீட்டாரும் நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார்கள். நல்லூரில் வளர்ந்தவருக்கு இது தெரியவில்லை. தங்கைக்குத் தெரியும். ஆனால் கடிதம் போனது அவளுக்குத் தெரியாது. தபால்காரர் எங்கள் வாசல் படலையில் மணி அடித்தபோது அவள் கொட்டிலில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"றெஜிஸ்டர் கடிதம், அம்மா. இதிலை ஒரு கையெழுத்து."

"ஆர் அனுப்பினது?"

"பிறக்கிராசி ஒருதற்றை பேர் கிடக்கு. ஆருக்காக எண்டால்..." அவர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்தார். அம்மாவும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"கொண்டு போ."

"நீங்கள் வாங்காட்டித் திரும்பி அவையளட்டைத்தான் போகும்."

"போகட்டும். வேலிக்கு அங்காலை போறதுக்குப் பட்டணம் சுத்திப் போகட்டும்."

தபால்காரர் சிரித்தார். அம்மா சிரிக்காததைக் கண்டதும் உறையில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் அம்மாவுக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன்.

"அம்மா, அது வழக்கில்லை. அறிவித்தல். எங்கடை சுவருக்குப் பாதுகாப்புத்தான்."

"அப்ப நான் ஓம் எண்டு சொன்னது என்ன, காத்தோடை போச்சோ? நான் பேந்து மாத்திக் கதைப்பன் எண்டோ எழுத்திலை கேக்கினம்?"

"சட்டத்துக்கு எழுத்து வேணுமாம்."

"நீயும் படிச்சனியெல்லே. மருமோனோடை சேர்ந்து எனக்குப் படிப்பி. நல்லூர் ஆக்கள் பெத்த தாயிட்டைச் சோறு கேக்கவும் தந்தி அடிக்கிற ஆக்கள்."

மாலையில் தங்கை பொட்டால் ஓடி வந்தாள். அம்மா சுளகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவர் நல்லதுக்குத்தான் அனுப்பினவர்."

"நீ ஆர் சொல்ல?"

"உங்கடை மகள்."

"மகள் எண்டால் மகள் வந்து கதைச்சிருக்கலாம். பிறக்கிராசியை ஏன் பொட்டாலை விட்டனி?"

"பிறக்கிராசி பொட்டுக்குள்ளாலை வரமாட்டாரம்மா. வண்டி வயிறு கிடக்கு அவருக்கு."

சொல்லிவிட்டுத் தங்கை சிரித்தாள். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மாவின் கோபத்தைச் சிரிப்பால் கரைத்துவிடுவாள். அன்று அது பிழைத்தது. அம்மா சுளகை வைத்துவிட்டு எழுந்து வடக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே இருந்து, "இந்த அறைக்குள்ளை ஒரு தடி வரக்கூடாது," என்றார்.

தங்கை கொஞ்ச நேரம் கதவுக்கு வெளியே நின்றாள். பிறகு சுளகில் மிச்சமிருந்த வெங்காயத்தை உரித்து வைத்துவிட்டுப் போனாள்.

அவளுடைய கணவர் என்னோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே கதைத்தார். "திரும்பி வந்தாலும் அறிவிச்சது அறிவிச்சதுதானாம் அக்கா. பிறக்கிராசி சொல்லுறார். ஆனா சுவருக்கு ஏதும் நடந்தால் நான்தான் பொறுப்பு. அதை எந்தக் கடிதமும் மாத்தாதாம்."

"தையிலை வெட்டினால் என்ன? அதுக்கிடையிலை அம்மா ஆறிடுவா."

"தையிலை எனக்கு நாள் இல்லையாம். மார்கழியிலை தொடங்கக் கூடாது. சீமெந்துப் பெர்மிட்டும் முடிஞ்சிடும். மேசனும் வேறை வேலைக்குப் போயிடுவார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் என்ன பிழை விட்டனான் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை."

நான் விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்தினாலும் கடிதம் அனுப்பப்படாததாக ஆகாது.

கணவருக்கு எழுதினேன். அம்மாவின் மனம் நோகாமல் பார்த்துக்கொள் என்று மறுமொழி வந்தது.

நல்ல நேரம் பார்த்து வெட்டத் தொடங்கினார்கள். ஓவசியர் சொன்னபடியே செய்தார்கள். வேலியைக் கழற்றி வைத்துவிட்டு மூலையில் ஒரு துண்டு வெட்டி, கல்லும் சீமெந்தும் போட்டு நிரப்பினார்கள். அது இறுகியபின் மற்ற மூலையில் ஒன்று. அதுவரை எங்கள் சுவரில் ஒரு மயிர்க்கீறலும் விழவில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் பார்ப்பேன். கூரைப் பாரம் சுவரில் இறங்காமல் உள்ளே இருந்து மரம் கொடுத்திருந்தால் நடுத் துண்டையும் பயமில்லாமல் வெட்டலாம் என்று மேசன் சொன்னார். நான் அம்மாவிடம் இன்னொரு முறை கேட்டேன்.

"மண் வெட்டுற அலவாங்கு தலைமாட்டிலை இடிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார் அம்மா.

"அப்ப விறாந்தையிலை படுங்கோவன்."

"அதுக்கும் கடிதம் வரட்டும்."

நடுத் துண்டை வெட்டிய அன்று பின்னேரம் மழை பிடித்தது. அத்திவாரத்தை நிரப்ப முடியவில்லை. மேசன் குழிக்கு மேல் கிடுகு பரப்பிவிட்டுப் போனார். கிடுகு வானத்து மழையைத் தாங்கும். எங்கள் ஓட்டுக் கூரையின் தண்ணீர் முழுவதும் ஒரே கோட்டில் விழும். அந்தக் கோட்டில்தான் குழி இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மழை விடவில்லை. காலையில் தங்கையின் கணவர் பிளந்த கமுகமரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பீலியாகக் கட்டிக் கூரைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். ஏணியில் பாதி ஏறியபோது ஓடு அசையும் சத்தம் கேட்டு அம்மா உள்ளே இருந்து கூப்பிட்டார்.

"ஆர் அது? என்ரை கூரையிலை ஆரும் கை வைக்கக் கூடாது."

அவர் ஏணியில் நின்றபடி என்னைப் பார்த்தார். நான் யன்னலடியில் நின்று, "அம்மா, தண்ணியைத் திருப்பத்தான்," என்றேன்.

"இறங்கச் சொல்லு."

அவர் இறங்கினார். பிறகு தங்கையும் அவரும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு குழித் தண்ணீரை வாளியால் இறைக்கத் தொடங்கினார்கள். நான் இந்தப் பக்கமிருந்து இன்னொரு வாளியால் இறைத்தேன். இறைக்க இறைக்கத் தண்ணீர் சிவப்பாக வந்தது. அந்தச் சிவப்பு சுவருக்குக் கீழிருந்த மண்.

மத்தியானம் கழிந்து சுவர் விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. நெல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினால் வரும் சத்தம். அடிக்கல் முதலில் வழுக்கியது. பிறகு நடுப்பகுதி அப்படியே வெளிப்பக்கமாகச் சாய்ந்து குழியை நிரப்பியது. சில ஓடுகள் வழுக்கி அதன்மேல் விழுந்தன.

தங்கை பின்னால் பாய்ந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். அறை திறந்து கிடந்தது. மறுசுவரோடு போட்டிருந்த கட்டிலில் அம்மா கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு செம்பு. தங்கை சாக்குத் தலையோடு குழிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

"அம்மா, எழும்பி வெளியிலை வாங்கோ. கூரை நிக்காது," என்றாள் தங்கை.

"பாத்தியே. விழுத்திப்போட்டாய்."

"எழும்புங்கோ அம்மா!"

"இப்பதான் வாயாலை கதைக்கிறாய்," என்றார் அம்மா. எழும்பவில்லை.

நான் வீட்டுக்குள்ளால் ஓடிக் கதவைத் தள்ளினேன். பூட்டியிருக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து விறாந்தைக்குக் கூட்டி வந்தேன். மறுபடி உள்ளே போய்க் கட்டில் விரிப்பை உதறி மடித்தேன். அதில் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது. கூரை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் விரிப்பை மடிப்பதுதான் செய்ய வேண்டிய வேலை என்று தோன்றியது. பயமோ கோபமோ வந்ததாக நினைவில்லை. அன்று இரவு என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: "மழை. வடக்கு அறைச் சுவர் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. அம்மா இரவு சாப்பிடவில்லை."

மறுநாள் தங்கையின் கணவர் ரோட்டால் சுற்றி வந்து படலையில் நின்றார். வேலியும் இல்லை, சுவரும் இல்லை. நேரே வந்திருக்கலாம். ஆனாலும் சுற்றித்தான் வந்தார்.

"சுவரை நான் கட்டித் தருவன் அக்கா."

"ஓம்," என்றேன்.

கட்டித் தந்தார். தன் அத்திவாரத்துக்கு வைத்திருந்த சீமெந்து முழுவதும் எங்கள் சுவருக்குப் போயிற்று. முதலில் ஆழமாக அத்திவாரம் போட்டு, அதன்மேல் கல் வைத்து, ஓடு மாற்றி, வெள்ளையும் அடித்துத் தந்தார். அவருடைய பெர்மிட் முடிந்துவிட்டது. அவர்கள் இன்னொரு மாரியையும் கொட்டிலில் கழித்தார்கள். சுவர் எழும்பும்வரை அம்மா விறாந்தையிலேயே படுத்தார். வேலை முடிந்தபின் உள்ளே போய்ச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"சுவர் நல்ல சுவர்தான்," என்றார். கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னார்.

தங்கையோடு அவர் கதைக்கவில்லை. தங்கை இரண்டு மூன்று முறை வந்து நின்று பார்த்தாள். அம்மா அவளைத் திட்டவும் இல்லை. பழைய கிடுகை மாற்றும் அடுத்த வேலியடைப்பு வந்தபோது, வேலி அடைக்கிறவர் குசினிக்கு நேரே வந்ததும் கையை நிறுத்தினார்.

"இதிலை பொட்டு விடுறதோ?"

"இல்லை. நெருக்கி அடை," என்றார் அம்மா.

வேலி அடைக்கிறவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த கிடுகை எடுத்துக் கொடுத்தேன்.

தங்கையின் புது வீட்டுக் குடிபூரலுக்கு நான் பிள்ளைகளோடு ரோட்டால் போனேன். அம்மா வரவில்லை. சில வருடங்களின் பின் அம்மா செத்தபோது தங்கை ரோட்டால் வந்தாள். மகள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாள். அறைக்குள் போய் அந்தச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் இருந்தாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் ரோட்டாலேயே போனாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இருக்கவில்லை. கூப்பிட்டால் வருவாள். கூப்பிட்டால் நானும் போவேன். முன்பு யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

பிறகு கிடுகுக்கும் வேலி அடைக்க ஆளுக்கும் கஷ்டமாயிற்று. ஊரில் பலர் மதில் கட்டினார்கள். நானும் கட்ட நினைத்தேன். இப்போது வீடு என் ஆட்சியில். மதிலின் அத்திவாரம் தங்கையின் வீட்டுச் சுவரோரமாகப் போகும். கடமை இந்த முறை என் பக்கம். அறிவித்தலை நானே எழுதினேன். எவ்வளவு ஆழம், அவள் சுவரிலிருந்து எவ்வளவு தூரம், துண்டு துண்டாக வெட்டப்படும், சேதம் வந்தால் என் பொறுப்பு. படமும் கீறினேன். பின்னேரம் அதை எடுத்துக்கொண்டு ரோட்டால் நடந்து போனேன்.

"உதென்ன அக்கா?"

"மதில் கட்டப் போறன். அறிவித்தல்."

அவள் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள்.

"தபாலிலை போட்டிருக்கலாமே. வெயிலுக்கை நடந்து வந்திருக்கிறாய்."

"கையிலை தருவம் எண்டு."

"எங்கை கையெழுத்து வைக்கிறது?"

காட்டினேன். வைத்தாள். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மதிலைக் குறிக்கும் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொண்டு போனாள்.

"வழி ஒண்டும் விடேல்லையே."

"நீ சொன்னால் விடுறன். சின்னப் படலை ஒண்டு போடலாம்."

உள்ளே யாரோ வானொலியை நிறுத்தினார்கள்.

"வேண்டாம் அக்கா. ரோட்டாலை வாறது பழகிப்போச்சு."

"ஓம்," என்றேன்.

வெட்டத் தொடங்கிய அன்று மேசனோடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கமாக இருந்த அறையை அவள் ஏற்கெனவே வெறுமையாக்கி வைத்திருந்தாள். கட்டில் கூடத்துக்குப் போயிருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. சுவரோடு சில மரங்களைச் சாத்தி வைத்துவிட்டு அவளுடைய கணவர் பக்கத்தில் நின்றார்.

மேசன் மரங்களைப் பார்த்துச் சிரித்தார். "மதிலுக்கு உவ்வளவு ஆழம் போகாது. முட்டு ஒண்டும் தேவையில்லை."

"குடுங்கோ," என்றாள் தங்கை. "குடுத்துப்போட்டு வெட்டுங்கோ."

மேசன் முட்டுக் கொடுத்தார். துண்டு துண்டாக வெட்டி நிரப்பினோம். மதில் எழும்பியபின் முட்டுகளை எடுத்தார்கள். நான் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தேன். கீறல் ஒன்றும் இல்லை. தங்கையும் நானுமாகக் கட்டிலைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டோம். பிறகு நான் ரோட்டால் வீட்டுக்கு வந்தேன்.